இரவல் பஞ்சு

இசானோ கிழங்கு தின்றால் தோலையும் சேர்த்தே தின்றுவிடுவாள். கரும்பு கடித்தால் சக்கையைக் கீழே துப்பமாட்டாள்; பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் எரிப்பாள். தலையில் உதிர்ந்த முடி, வெட்டிய நகம், வியர்வை துடைத்த துணி எல்லாம் நெருப்புக்குத்தான். மலைமேல் இருந்த ஓனாமுகா ஊரில் எல்லோருமே கொஞ்சம் அப்படித்தான். உடம்பில் பட்டதோ உடம்பிலிருந்து வந்ததோ எதுவும் வேண்டாதவன் கையில் சிக்கக்கூடாது. சிக்கினால் மூங்கில் குழாயில் அடைத்து, மந்திரம் ஓதி, அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டு, ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாக வற்றவைத்துவிடுவான். மற்றவர்களுக்கு அது பழக்கம். இசானோவுக்கு அது பைத்தியமாகவே முற்றிவிட்டது.

காரணம் இல்லாமல் இல்லை. போன வருஷம் குறைமாதத்தில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. கண்ணிமை இரண்டும் வீங்கி, சீழ் கட்டி, ஒருமுறைகூடத் தாயைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தது. யார் செய்த சூனியம் என்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்த ஒரு ஆளைச் சந்தேகப்பட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள். தெரியாததால் ஊர் முழுக்கச் சந்தேகப்பட வேண்டியதாயிற்று. கடைக்காரன் மீதிச் சில்லறை கொடுக்கும்போது விரலைத் தொட்டானா, பாஸ்டர் பெண்டாட்டி ஏன் வீட்டுக்கு வந்தால் அடுப்பையே பார்க்கிறாள், புருஷனுடைய அத்தைக்காரி அன்றைக்கு ஏன் சிரித்தாள் என்று மனசு ஓயாமல் கிடந்து அடித்துக்கொள்ளும்.

இப்போது மறுபடியும் வயிற்றில் ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. வயிறு முன்தள்ளிவிட்டது.

ஊரில் அவள் சந்தேகப்படாத ஒரே ஜீவன் கியாமேதான். புருஷன் ஹிசோக்கேயுடைய செத்துப்போன தம்பியின் பெண்டாட்டி. சவுக்கு மரம் சாய்ந்து தம்பிக்காரன் போனபிறகு, அவளைக் கட்டுவதற்குப் பெண்விலையாகக் குலமே சேர்ந்து பன்றி கொடுத்திருக்கிறது, எங்கே போவாள் என்று ஹிசோக்கே அவளை வேலிகட்டிய தன் வளவுக்குள்ளேயே வைத்துக்கொண்டான். தம்பி நட்ட காபி மரங்கள் அவள் பங்கு. அவளுக்குத் தனிக் குடிசை, தனி அடுப்பு. ஆனால் பறிப்புக்காலம் வந்துவிட்டால் இரண்டு பேரும் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள்.

அன்றைக்கும் அப்படித்தான். காலைப்பனி இன்னும் பள்ளத்தாக்கை விட்டு ஏறவில்லை. ஈரக் கிளைகளை வளைத்து, சிவந்த பழமாகப் பார்த்து உருவி, நெற்றியில் வார் மாட்டித் தொங்கவிட்ட பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். இசானோவுக்குக் குனிய முடியவில்லை. கீழ்க்கிளை எல்லாம் கியாமே, மேல்கிளை இவள்.

"ஆஸ்பத்திரிப் பக்கம் போனியாக்கா? ஆராய்ச்சிக்காரங்க வந்திருக்காங்களாம்" என்றாள் கியாமே.

"வந்திருக்காங்க, தெரியும். புள்ளத்தாச்சிங்களாப் பார்த்துக் கூப்பிடுறாங்க. எதுக்குக் கூப்பிடுறாங்கன்னு எவளாவது கேட்டாளா? வாய்ல வெத்தல பாக்க அடக்கிட்டு ஆட்டு மந்தை மாதிரி போறாளுக."

"எய்ட்ஸு, அந்த மாதிரி பொம்பளை ஆம்பளை நோய் எல்லாம் பாக்குறாங்களாம். இருந்தா அன்னைக்கே மருந்து. வயித்துப் புள்ளைக்கு நல்லதாம்."

"நல்லதுன்னு யாரு சொன்னா? அவங்களே சொல்லிக்கிட்டா ஆச்சா? பன்னிக்குக் கிழங்கு போடுறவன்கூட நல்லதுக்குன்னுதான் சொல்லுவான்."

இப்படிப் பேசினாளே தவிர, உள்ளுக்குள் ஆசை அரித்தது. இந்தப் பிள்ளையும் போய்விட்டால் ஹிசோக்கேயின் ஆட்கள் சும்மா இருக்கமாட்டார்கள். 'பிள்ளை தங்காத வயிறு' என்று ஏற்கெனவே ஒருத்தி தண்ணீர்த்துறையில் சொன்னது காதில் விழுந்திருக்கிறது. கடைசியில், காபி மூட்டையோடு ஹிசோக்கே லாரியேறி லே துறைமுகத்துக்குப் போனதும், கியாமேயைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே ஆராய்ச்சிக்காரர்களுக்காகப் பரிசோதனை செய்தவள் நர்ஸ் சிஸ்டர் வெரோனா. கடற்கரைக்காரி. அது ஒன்றே போதுமே, மலைக்காரிக்குச் சந்தேகப்பட! ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அவள் பொறுமைசாலி. எல்லாவற்றையும் ஒருமுறைக்கு இரண்டுமுறை சொன்னாள். விருப்பமில்லையென்றால் வேண்டாம், அதற்காக வழக்கமான வைத்தியம் நிற்காது என்றும் சொன்னாள். விரலில் குத்தி ஒரு பொட்டு ரத்தம் எடுத்தாள். சின்ன அட்டையில் அது ஊறி, எய்ட்ஸ் இல்லை என்று கோடு காட்டியது.

"அந்த அட்டையக் குடுங்க சிஸ்டர்."

"அது எதுக்கும்மா உங்களுக்கு?"

"என் ரத்தம். நான் எரிச்சுக்கிறேன்."

சிஸ்டர் அவளைப் பின்னால் இருந்த குப்பை எரிக்கும் சூளைக்குக் கூட்டிப்போய், அவள் கண் முன்னாலேயே போட்டு எரித்தாள். இசானோவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் அடுத்தது பஞ்சுக்குச்சி. மறைப்புக்குள் போய், கீழே உள்ளே விட்டுத் துடைத்து, தானே எடுத்துத் தரவேண்டும். ஒன்றல்ல, இரண்டு. ஒன்று இங்கே இருக்கும் மெஷினுக்கு. இன்னொன்று ஐஸ் பெட்டியில் கொரோகா டவுனுக்குப் போய், அங்கிருந்து விமானத்தில் ஆஸ்திரேலியா போய், பெரிய மெஷினில் சரிபார்க்கப்படும்.

ஆஸ்திரேலியா! தன் உடம்பின் அழுக்கு, அதுவும் அந்த இடத்து அழுக்கு, பெட்டியேறிக் கடல் தாண்டிப் போய் எவன் கையில் கிடக்குமோ.  சரி என்று தலையாட்டிவிட்டு, கியாமேயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மறைப்புக்குள் போனாள்.

"நீ குடுடி" என்றாள் மெதுவாக.

"என்னத்தக்கா?"

"பஞ்சை. உன்னோடத எடு. என் பேர்ல குடுத்துருவோம்."

கியாமேயின் முகம் சுருங்கியது. "வேணாங்கா. இது வேணாம்."

"ஏண்டி, பயமா? உனக்கு யாரு சூனியம் வைக்கப்போறா? உனக்கு என்ன புள்ளையா குட்டியா? எனக்கு வயித்துல இருக்குல்ல."

சொன்ன பிறகுதான் சொல் சுருக்கென்று தைக்கும் என்று இசானோவுக்கே உறைத்தது. ஆனாலும் விடவில்லை. "இந்தப் புள்ளைக்காகச் செய்டி. உன் தலைமேல சத்தியமா யாருக்கும் சொல்லமாட்டேன்."

கியாமே மறைப்புத் துணியை இழுத்து நன்றாக மூடினாள். பிறகு குச்சியை வாங்கித் திரும்பி நின்றுகொண்டாள். அவள் கை நடுங்கியதை இசானோ பார்த்தாள். பாவம், பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டாள்.

மெஷின் முடிவு சொல்ல நேரமாகும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவித்த கிழங்கு தின்றார்கள். கியாமே பிட்டு வைத்ததோடு சரி, வாயில் போடவில்லை. பிறகு சிஸ்டர் இசானோவை மட்டும் உள்ளே கூப்பிட்டாள்.

"இசானோம்மா, பயப்படாதீங்க. வெட்டை நோய் இருக்கு. ஒரு ஊசி, கொஞ்சம் மாத்திரை, அவ்வளவுதான். ஆனா இன்னைக்கே போடணும். விட்டா குறைமாசத்துல வலி எடுத்துரும். பிறக்கிற புள்ளைக்குக் கண்ணுல சீழ் கட்டும்."

இசானோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணில் சீழ் கட்டிய கதையை இந்தக் கடற்கரைக்காரிக்கு எவள் சொன்னாள்? ஊரில் எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறாளா?

"உங்க வீட்டுக்காரரும் வரணும். அவருக்கும் போடணும். இல்லன்னா திரும்ப உங்களுக்கே வந்துரும்."

"எனக்கு ஊசி வேணாம்."

"அம்மா..."

"வேணாம்னா வேணாம்!"

விருட்டென்று எழுந்து வெளியே வந்துவிட்டாள். அவளைப் பொறுத்தவரை கணக்கு நேர். பஞ்சு கியாமேயுடையது, நோயும் கியாமேயுடையது. இல்லாத நோய்க்கு ஊசி போட்டால் வயிற்றுப் பிள்ளைதான் வெந்து சாகும். ஒருவேளை அதற்குத்தான் இந்த ஊசியோ என்னவோ.

இரண்டு பேரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஆற்றைக் கடந்து மூங்கில் புதர் ஓரம் ஆள் அரவம் இல்லாத இடம் வந்ததும் இசானோ திரும்பினாள்.

"யாருடி அவன்?"

கியாமே அவளைத் தாண்டி நடக்கப்பார்த்தாள்.

"உன் பஞ்சுல வெட்டை இருக்காம். காத்துல வந்துச்சா? புருஷன் செத்தவளுக்கு எவன் குடுத்தான்? கடைக்காரனா? அவன்தான் உனக்கு மட்டும் உப்பை அள்ளிப் போடுவான். இல்ல, அந்தப் பாஸ்டர் தம்பியா? பைபிள் படிச்சுக் குடுக்கிறேன்னு வந்தானே, அவனா? சொல்லுடி, நான் ஹிசோக்கேகிட்ட சொல்லமாட்டேன். சொன்னா அவன் உன்னை வெட்டிப்போடுவான், தெரியும்ல? வளவோட மானம்னு குதிப்பான்."

கியாமே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அழுகையைக் கண்டதும் இசானோவின் கோபம் வடிந்துவிட்டது. அருகில் போய் முதுகைத் தடவினாள்.

"சரி விடு. நாளைக்கு நீ போய் உன் பேருக்கு ஊசி போட்டுக்கோ. யாருக்கும் தெரியாது."

"நீயும் போட்டுக்கோக்கா."

"எனக்கு எதுக்குடி?"

"போட்டுக்கோக்கா, கால்ல விழுறேன். அந்த சிஸ்டர் சொன்ன மாதிரி செய். புள்ளைக்காக."

சொன்னபடியே காலைப் பிடித்துக்கொண்டாள். இசானோ காலை உதறி இழுத்தாள். இரண்டடி பின்வாங்கினாள். இல்லாத நோய்க்கு என்னை ஏன் இவள் ஊசி போடச் சொல்லுகிறாள்? அதுவும் காலைப் பிடித்து? போன பிரசவத்தில் கூட இருந்தது யார்? கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது யார்? ரத்தத் துணியை எல்லாம் எரிக்க வாங்கிக்கொண்டு போனது யார்? கியாமே, கியாமே, கியாமே. எரித்தாளா, எங்கேயாவது ஒளித்தாளா? பிள்ளையில்லாதவளுக்கு அடுத்தவள் பிள்ளை மேல் கண் விழுவது புதுசா?

அன்றிலிருந்து கியாமே அவித்த கிழங்கை இசானோ தொடவில்லை. காபிப் பறிப்பில் வரிசை மாறி நின்றாள். கியாமே பழம் உரிக்கும் மெஷினின் கைப்பிடியைச் சுற்றினால் இவள் தண்ணீர் மொண்டு ஊற்றும் சாக்கில் எழுந்து போய்விடுவாள். ஓரகத்தியின் நிழல் வயிற்றில் விழுந்தால்கூட விலகி உட்கார்ந்தாள். கியாமே அடிபட்ட நாய் மாதிரி தள்ளியே நடமாடினாள். ஊரிலேயே ஒருத்தியைத்தான் நம்பினோம், அவளும் இப்படியா என்று இசானோ தனக்குள்ளேயே புலம்பினாள்.

அந்த வாரமே சிஸ்டர் வெரோனா தேடி வந்துவிட்டாள். தார்ப்பாயில் காயப்போட்ட காபிக்கொட்டையை மழை மேகத்தைப் பார்த்து அவசர அவசரமாகக் குவித்துக்கொண்டிருந்தாள் இசானோ. சிஸ்டர் எதுவும் கேட்காமல் தார்ப்பாயின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்துத் தாழ்வாரத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதற்குள் மழை கொட்டிவிட்டது.

"ஊசி போடமாட்டேன்னு மட்டும் சொல்லாதீங்கம்மா. அடுத்த ஊர்ல ஒருத்தி இப்படித்தான் வரமாட்டேன்னா. புள்ளை தங்கல."

இசானோவால் பொறுக்க முடியவில்லை. "அது என் பஞ்சே இல்ல!" என்று போட்டு உடைத்தாள். "என் ஓரகத்தியோடது. என் அழுக்கை நான் பெட்டியில ஏத்தி அனுப்பமாட்டேன். அவளோடதைக் குடுத்தேன். போதுமா?"

சிஸ்டர் தலையில் கை வைத்தாள். "அடிப்பாவி மகளே" என்றாள், முதல் தடவையாக மரியாதையை விட்டு. பிறகு தானே சிரித்துவிட்டாள். "எங்க ஆராய்ச்சில உன் பேருக்கு வேற ஒருத்தியோட பஞ்சு விமானம் ஏறிப் போயிருக்கு. அதை இனி நான்தான் மேல எழுதிச் சொல்லணும். இன்னும் எத்தனை பேர் இப்படிக் குடுத்தாளுகளோ!"

"எனக்கு நோய் இல்லல்ல? அப்ப விடுங்க."

"இல்லன்னு எப்படிச் சொல்லுற? உன்னோடத யாரும் பாக்கவே இல்லையே."

இசானோ தார்ப்பாயின் ஓரத்தை மடித்துவிட்டாள். 

"ஒரே ஒரு பஞ்சு" என்றாள் சிஸ்டர். "பெட்டிக்கு இல்ல, ஆஸ்திரேலியாவுக்கு இல்ல. இங்க இருக்கிற மெஷினுக்கு மட்டும். முடிஞ்சதும் மிச்சத்தையெல்லாம் நீயே சூளையில போடு. நான் தொடமாட்டேன்."

"ஆராய்ச்சிக்காரங்க கோச்சுக்க மாட்டாங்களா?"

"இது ஆராய்ச்சிக்கு இல்லம்மா. உன் புள்ளைக்கு."

மறுநாள் இசானோ போனாள். கூப்பிடாமலே கியாமேயும் பின்னால் வந்தாள், கொஞ்ச தூரம் விட்டு. வரட்டும், தனக்கு நோய் இல்லை என்று அவள் காது குளிரக் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று இசானோ விட்டுவிட்டாள். மறைப்புக்குள் தன் கையாலேயே பஞ்சை எடுத்தாள். மெஷின் பக்கத்திலேயே முக்காலி போட்டு, அது முடிக்கும்வரை கண் இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். எரிக்க வேண்டியதைத் தானே எரித்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, "சொல்லுங்க சிஸ்டர். இல்லதானே?" என்றாள்.

சிஸ்டர் வெரோனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கும்மா. அதே வெட்டை."

இசானோ முதலில் மெஷினைப் பார்த்தாள். பிறகு சிஸ்டரைப் பார்த்தாள். அவள் ஹிசோக்கேயைத் தவிர எந்த ஆண்பிள்ளையையும் அறியாதவள். சரி, லாரியோடு லே போகிறவன், வழியில் எவளிடமாவது வாங்கி வந்திருப்பான், அது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் அதே நோய் கியாமேவுக்கு எப்படி வந்தது? வளவை விட்டு வெளியே போகாதவள். கடைக்காரன் இல்லை, பாஸ்டர் தம்பி இல்லை. மறைப்புக்குள் நடுங்கிய கை, புதர் ஓரம் காலைப் பிடித்து அழுதது, 'நீயும் போட்டுக்கோக்கா' என்றது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

வெளியே வந்தாள். கியாமே பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து இவள் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எப்ப இருந்துடி?"

"என் வீட்டுக்காரரு செத்த மறு பறிப்புல இருந்து."

"பாவி! என் வீட்டுல கஞ்சி காய்ச்சிக்கிட்டே..."

"மாட்டேன்னா மரத்தையெல்லாம் வெட்டிப்போட்டு என்னை ஆத்தா வீட்டுக்கு விரட்டிருவேன்னாரு. அங்க எனக்கு யாருக்கா இருக்கா? சொன்னா நீ என்னை நம்புவியா, உன் புருஷனை நம்புவியா?"

இசானோ கையை ஓங்கினாள். ஓங்கிய கை இறங்கவில்லை. கடைக்காரன் விரலையும் அத்தைக்காரியின் சிரிப்பையும் வருஷம் முழுக்கச் சந்தேகப்பட்டவள், பக்கத்தில் படுத்தவனை ஒருநாள்கூடச் சந்தேகப்படவில்லையே! செத்த குழந்தையின் வீங்கிய கண் ஞாபகம் வந்து, அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கியாமேயும் இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். தொடவில்லை, ஆனால் எழுந்து போகவும் இல்லை.

அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சிஸ்டர், எனக்கு ஊசி போடுங்க. அவளுக்கும் போடுங்க."

ஊசி போட்டுக்கொண்டு இரண்டு பேரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது காபி லாரி வந்து ஆஸ்பத்திரி முன் நின்றது. லேயிலிருந்து திரும்பிய ஹிசோக்கே பாக்குச் சாறு வழியும் வாயோடு குதித்து இறங்கினான். மூட்டையோடு காத்திருந்த ஆண்பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள்.

"இங்க என்னடி பண்ணுறீங்க ரெண்டு பேரும்?"

கியாமே இசானோவின் காதருகே குனிந்தாள். "சொல்லுக்கா. எனக்காகப் பாக்காத. மூடி மூடி வச்சு நான் அழுகிப்போயிட்டேன்."

இசானோ எழுந்து நின்றாள். "ஊசி போட வந்தோம். வெட்டை நோய்."

"வெட்டையா?" லாரிக்காரர்கள் முன்னால் அவன் குரல் உயர்ந்தது. "நான் ஊர்ல இல்லாத நேரம் பார்த்து... எவன்கிட்டடி வாங்குன?"

"என் பஞ்சுல இருக்குன்னு மெஷின் சொல்லுச்சு. உன் தம்பி பொண்டாட்டி பஞ்சுலயும் அதே நோய் இருக்குன்னு சொல்லுச்சு. நான் அவகூடப் படுக்கல ஹிசோக்கே."

ஒருவன் பக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். மற்றவர்கள் மூட்டையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி பெண்டாட்டியை எடுத்துக்கொள்வது அந்த ஊரில் குற்றமில்லை. ஆனால் மூத்த பெண்டாட்டி வாசலில் பன்றியைக் கட்டி, ஊரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் எடுக்கவேண்டும். திருட்டுத்தனமாக எடுத்தவனை ஆண்பிள்ளைகள் கூட்டத்தில் பேசவிடமாட்டார்கள்.

"ஹிசோக்கே" என்றார் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர், வெற்றிலையைத் துப்பிவிட்டு. "பன்னியைக் காணோமேடா?"

ஹிசோக்கே லாரிப் பக்கம் பார்த்தான். அங்கே நின்றவர்கள் யாரும் வழி விடவில்லை.

"நீ பன்னி கட்டு, கட்டாமப் போ. அது ஊர் பாத்துக்கும்" என்றாள் இசானோ. "ஒரு புள்ளையைக் கண்ணைத் திறக்கவிடாம கொன்னுட்ட. இந்தப் புள்ளையைக் குடுக்கமாட்டேன். ஊசி போடாம என் வாசல்ல கால வச்சா, காலை வெட்டிருவேன்."

உள்ளேயிருந்து சிஸ்டர் வெரோனா வந்து கதவைத் திறந்து பிடித்தபடி நின்றாள். யாரையும் கூப்பிடவில்லை. ஹிசோக்கே வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி மெல்ல வந்து பெஞ்சருகே நின்றான்.

கியாமே பழக்கதோஷத்தில் நகர்ந்து இடம் விடப்போனாள்.

"நகராதடி" என்று இசானோ அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "நிக்கட்டும்."